ஆறரை மணி பஸ்

எனக்கு இருபத்திரண்டு வயது. என் மகளுக்கு இருபத்தைந்து. நாடகத்தில்தான். தஞ்சாவூரில் ஆறு பேர் சேர்ந்து நடத்திய சின்னக் குழு எங்களுடையது. மீசைக்குப் பவுடர் பூசிக்கொண்டு நான் அப்பாவாக நிற்பேன். மகளாக நடித்த அக்கா, நிஜத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், திருக்காட்டுப்பள்ளிக்காரர். டூட்டி முடிந்து நேராக ஒத்திகைக்கு வருவார். வசனத்தாளை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. எப்போதுதான் மனப்பாடம் செய்தாரோ! எனக்குப் பொறாமை பொறாமையாக வரும்.

வெளிநாட்டு வேலைக்குப் போக மகள் அனுமதி கேட்பதுதான் கதை. தெருவுக்குத் தெரு பாஸ்போர்ட் வந்துகொண்டிருந்த காலம். சனங்கள் அதைத் தங்கள் வீட்டு விஷயமாகவே பார்த்தார்கள். இரண்டு இடத்தில் மகள், "அப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பாள். இரண்டாம் காட்சியில் நான், "ஆத்துல தண்ணி வரட்டும், பாக்கலாம்" என்று தட்டிக்கழிக்க வேண்டும். கடைசிக் காட்சியில், "போய்ட்டு வாம்மா." அவ்வளவுதான் வித்தியாசம்.

திருவையாறு தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நாடகம். மறுநாள் காலை அக்காவுக்குச் சென்னையில் இன்டர்வியூ, சவூதி ஆஸ்பத்திரி வேலைக்கு. ஆறரை பஸ்ஸைப் பிடித்தால்தான் தஞ்சாவூரில் ரயில் கிடைக்கும். இரண்டு வருடமாகக் காத்திருந்த வேலை அது.

"வேணாங்க்கா, நாடகத்தத் தள்ளி வச்சிக்கலாம்" என்றேன்.

"நாலு மணிக்கு ஆரம்பிச்சா அஞ்சரைக்கு முடிஞ்சிரும். வர்றேன்னு சொல்லிட்டு வராம இருக்கறதாடா?"

மேடையில் மகள் தூக்கும் பை அன்று அவருடைய நிஜப் பைதான். உள்ளே சர்டிபிகேட்டெல்லாம் இருந்தன.

தலைமையாசிரியர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நாங்கள் தொடங்கும்போதே ஐந்து மணி. கடைசிக் காட்சிக்கு வந்தபோது ஆறு இருபது.

"அப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

என் கண் பள்ளிக்கூடக் கடிகாரத்தின் மேல். "ஆத்துல தண்ணி வரட்டும், பாக்கலாம்" என்றேன்.

பாவி நான்! நாடகம் இரண்டாம் காட்சிக்கே திரும்பிவிட்டது. அந்த வசனம் காதில் விழுந்ததும் உள்ளே வந்து பழகிய சித்தப்பா வேடக்காரர், மண்வெட்டியும் கையுமாக மறுபடி வந்தேவிட்டார்.

அக்கா முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. "தண்ணி வந்து, நட்டு, அறுப்பே முடிஞ்சிருச்சுப்பா! இன்னும் அதையே சொல்றீங்களே?"

மைதானமே சிரித்தது. "சித்தப்பா, நீங்க போய் வாய்க்காலப் பாருங்க" என்றார். வந்த வழியே போனார் அவர். பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் சில்லிட்டிருந்தது.

"ஆறரை பஸ்ஸ விட்டா எனக்கு வேற பஸ் இல்லப்பா. சொல்லுங்க."

"போய்ட்டு வாம்மா." இந்த முறை அதை அக்காவுக்கே சொன்னேன். நடிப்பில்லை, சத்தியமாக.

திரைக்குப் பின்னால் போக வேண்டியவர், பையோடு மேடையை விட்டுக் குதித்துக் கூட்டத்துக்குள் ஓடினார். சனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "பாத்துப் போ தாயி" என்று ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்தார். ரோட்டில் பஸ் நின்றது. தாவணியும் மேக்கப்புமாக அக்கா ஏறினார். அதுவும் நாடகம்தான் என்று நினைத்து ஊரே கைதட்டியது. எப்பேர்ப்பட்ட நடிகை! ஒரே வீச்சில் என் மானத்தையும் தன் பஸ்ஸையும் காப்பாற்றிக்கொண்டு போய்விட்டார்.

வேலை கிடைத்தது, அந்த மாதமே சவூதிக்குப் பறந்துவிட்டார். அதன்பிறகு யார் மகளாக நடித்தாலும், கூட்டத்துக்குள் இறங்கிப் போவதுதான் எங்கள் நாடகத்தின் முடிவு. கைதட்டல் ஓய்வதற்குள் அவர்கள் மேடைக்குப் பின்பக்கமாகத் திரும்பி வந்துவிடுவார்கள். நான் மட்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.