உஷ்ஷக்கா

பதினொன்றே கால் ஆனதும் உஷ்ஷக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு குழந்தைகளை எழுப்பத் தொடங்குகிறாள். முதலில் ஜன்னல். இரண்டு கதவுகளையும் படாரென்று திறந்து கொக்கி மாட்டுகிறாள். வெயில் நேராக வந்து முதல் மூன்று தொட்டில்களில் விழுகிறது. அடுத்து மின்விசிறியை நிறுத்துகிறாள். அதிலேயே இரண்டு பேர் முழித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குத் தனித்தனி வைத்தியம். ஒருவனுக்கு உள்ளங்காலில் ஈரத்துணி. ஒருத்திக்குக் காதுமடலில் விரல். இருப்பதிலேயே குண்டனை மட்டும் தூக்கித் தோளில் போட்டு அறையை இரண்டு சுற்று சுற்றி வர வேண்டும். "போதும்டா ராசா, எல்லாத்தையும் இப்பவே தூங்கித் தீர்த்துடாத. ராத்திரிக்குக் கொஞ்சம் வெச்சுக்க" என்று அவனிடம் நியாயம் பேசுகிறாள். ஏழு மாதக் குழந்தைக்கு என்ன நியாயம் தெரியும்? வீல் என்று கத்துகிறான். அவன் கத்தினால் மற்ற எட்டுப் பேரும் சேர்ந்துகொள்வார்கள்.

அது ஒரு சட்டைக் கம்பெனி. முன்னூறு பெண்கள் தைக்கிறார்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் காலையில் வரும்போதே குழந்தையைப் பின்பக்க அறையில் உஷ்ஷக்காவிடம் விட்டுவிட்டு மெஷினுக்குப் போய்விடுவார்கள். பதினொன்றரைக்கும் மூன்றரைக்கும் மணி அடிக்கும். பால் கொடுக்கப் பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் குழந்தை முழித்துக்கொண்டு பசியோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அயர்ன் பிரிவு. "என்னக்கா, கச்சேரி ஆரம்பிச்சாச்சா?" என்று ஒரு குரல் வரும். "ஆமா, டிக்கெட் வாங்கிட்டு வா" என்பாள் இவள். மேனேஜர் அப்படி வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியிலிருந்து யாராவது கம்பெனியைப் பார்க்க வரும் நாட்களில் முன்கூட்டியே வந்து வாசலில் நிற்பார். "இன்னைக்கு ஒருநாள் மட்டும் பழைய மாதிரி வெச்சுக்கம்மா." "புள்ளைங்க புள்ளைங்க மாதிரிதான் சார் இருக்கும்." "முன்னாடி அப்படி இல்லையே." உஷ்ஷக்கா குனிந்து ஈரத்துணியைப் பிழிவாள்.

புதிதாகச் சேரும் பெண்களுக்கு ஒரு சந்தேகம் வரும். கம்பெனியிலேயே அதிக சத்தம் வரும் அறையில் இருக்கிறவளுக்கு உஷ் என்று எதற்காகப் பேர்? பழைய ஆட்கள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பத்து மாதத்துக்கு முன்னால் வரை அந்த அறை சினிமாத் தியேட்டர் மாதிரி இருட்டாக இருக்கும். மிஞ்சிப்போன கறுப்பு லைனிங் துணியை ஜன்னலுக்கு இரண்டு மடிப்பாகத் தைத்துத் தொங்கவிட்டிருந்தாள். காலை பத்து மணிக்குக் குழந்தைகளை வரிசையாகக் கிடத்துவாள். உள்ளங்கையைக் கொஞ்சம் குழித்துக்கொண்டு முதுகில் மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. அழுது புரண்டு ஊரைக் கூட்டும் குழந்தைகூட ஐந்து நிமிடத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடும். அப்புறம் நான்கு மணி வரை மூச்சு விடுகிற சத்தம்தான். பார்க்க வருகிறவர்களை மேனேஜர் விரல்நுனியில் நடக்கவைத்துக் கூட்டிவருவார். "ஒரு புள்ளை அழுது பார்த்திருக்கீங்களா இங்க?" என்று அவர்களிடம் கிசுகிசுப்பார். உஷ்ஷக்காவுக்கு அந்த நேரத்தில் உச்சி குளிர்ந்துவிடும். படிப்பு இல்லை, தைக்கவும் வராது. இந்த உலகத்தில் அவளுக்கென்று கைவந்த வித்தை அது ஒன்றுதான்.

பதினொன்றரை மணி அடித்ததும் அம்மாக்கள் ஓடி வருவார்கள். கதவைத் தொடுவதற்குள் உஷ்ஷக்கா வாசலை மறித்து நிற்பாள். உதட்டில் விரல். "உஷ்! இப்பத்தான் கண் அசந்தான். எழுப்பிடாத தாயி. போய் நீயும் ஒரு வாய் தண்ணி குடிச்சு உக்காரு." நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அவர்களும் எட்டிப் பார்த்துவிட்டு, நிம்மதியாகத்தான் திரும்பிப் போனார்கள். ஆறு வருடம் இப்படி.

காலர் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். காலர்காரி என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். காலர் தைப்பதில் அவ்வளவு நேர்த்தி. முதல் பிரசவம், ஐந்து மாதப் பெண்குழந்தை. புருஷன் வேன் ஓட்டுகிறவன். வந்து சேர்ந்த இரண்டாம் வாரமே அவள் கண்ணுக்குக் கீழே மை தடவியது போல ஆகிவிட்டது.

"அக்கா, ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டே இருக்குக்கா. ஒரு மணிக்கு ஒருதரம் பால் கேக்குது. உங்ககிட்ட மட்டும் எப்படிக்கா இப்படி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது?"

உஷ்ஷக்கா அவளுக்கு யோசனைகளை வாரி வழங்கினாள். சாயங்காலம் வெந்நீரில் குளிப்பாட்டு. விளக்கைக் குறை. பேச்சுக் கொடுக்காதே. முதுகில் இப்படித் தட்டு. கையைப் பிடித்துத் தட்டவும் சொல்லிக்கொடுத்தாள். எல்லாமே சரியான யோசனைகள். காலர்காரி ஒன்றுவிடாமல் செய்தாள். குழந்தை பகலெல்லாம் உஷ்ஷக்காவிடம் தூங்கியது. இரவெல்லாம் அவளிடம் முழித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் காலர்காரி மெஷினில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். கால் பெடலில் இருந்தது. ஊசி நகத்தோடு விரலைத் துளைத்து உடைந்தது. கட்டுப்போட்ட கையோடு குழந்தையைத் தூக்க வந்தவள், "வேலை வேணாம்க்கா. எனக்குத் தூங்கினா போதும்" என்றாள். அதற்கப்புறம் வரவில்லை.

பதினோராம் நாள், குழந்தைகளை எடைபார்க்க மாதமொரு முறை வரும் நர்ஸ் வந்தாள். இந்த முறை புது நர்ஸ், சின்னப் பெண். "பகல்ல எவ்வளவு நேரம் தூங்குறாங்க?" என்று பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள். "பத்து மணிக்குப் படுத்தா நாலு மணிதான் சிஸ்டர். இடி விழுந்தாலும் அசையாதுங்க" என்றாள் இவள், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்போ பால்?"

"தூங்குற புள்ளைக்கு எதுக்கு சிஸ்டர் பால்?"

நர்ஸ் பேனாவை மூடினாள். "பகல்ல குடிக்காத பாலை அது எப்பக்கா குடிக்கும்? இவ்வளவும் இங்கேயே தூங்கிட்டா ராத்திரி வீட்ல போய் என்ன பண்ணும்? பாவம், அம்மாக்கள் எல்லாம் எப்படி வேலை பாக்குறாங்க?"

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது உஷ்ஷக்காவுக்குத் திங்கட்கிழமைகள் ஞாபகம் வந்தன. ஞாயிறு விடுமுறை. குழந்தைகள் நாள் முழுக்க அம்மாக்களோடு விளையாடிவிட்டு, நினைத்தபோது பால் குடித்துவிட்டு, திங்கட்கிழமை வரும். அன்றைக்குத் தூங்கவைப்பதுதான் பெரும்பாடு. அன்றைக்குத்தான் அம்மாக்களின் முகமும் கழுவிவிட்டது போலத் தெளிவாக இருக்கும். சனிக்கிழமை வரும்போது தலைகீழ். இதை அவள் ஆறு வருடமாக வாரம் தவறாமல் பார்த்திருக்கிறாள். வேலைக் களைப்பு என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தோமா, அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்ததா என்று இப்போது அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனது.

மறுநாள் கறுப்புத் துணியை அவிழ்த்துத் தரை துடைக்க வைத்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து, "இப்பல்லாம் ராத்திரி நல்லாத் தூங்குதுக்கா. உங்க கைராசி" என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எழுந்து போய்விடுவாள். காலர்காரியிடம் மட்டும் போய்ச் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. ஒருமுறை குழந்தைக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டாள். அங்கே டீக்கடையில் அந்த பிஸ்கட்டைத் தானே தின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

போன வாரம் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள். அவள் காலர்காரியின் தெருவில் குடியிருப்பவள். "அந்த வீட்ல இன்னும் அதே பேச்சுதான்க்கா. கம்பெனி ஆயா கைல தூங்கின புள்ளை உன் கைல ஏன் தூங்கலைன்னு அவ புருஷன் இன்னமும் சொல்லிக் காட்டுறான். உனக்குப் புள்ளை வளர்க்கத் துப்பில்லங்கறான். அவளும் அதை நம்பிட்டா. இன்னொண்ணு வேணாம்னு பயந்து கிடக்குறா."

ஞாயிற்றுக்கிழமை உஷ்ஷக்கா வெறுங்கையோடு போனாள்.

ஒற்றை அறை. நடுவில் சட்டைக் குவியல். காலர்காரி வீட்டிலிருந்தே பிசிறு நூல் வெட்டிக் கொடுக்கிறாள். "அய்யோ, அக்கா! வாங்க வாங்க" என்று குவியலை ஒதுக்கி இடம் பண்ணினாள். குழந்தை இப்போது நடக்கிறது. தத்தித் தத்தி வந்து உஷ்ஷக்காவின் மடியில் உட்கார்ந்தது.

"பாருங்க, என்கிட்ட இப்படி வருமா? உங்ககிட்டதான்க்கா அவ்வளவு ஒட்டுதல். எனக்குத்தான் ராசி இல்ல. என் பால்லயே ஏதோ கோளாறு போல."

"உன் பால்ல ஒண்ணும் இல்ல கண்ணு." என்றாள் உஷ்ஷக்கா. "நீ பால் குடுக்க ஓடி வருவியே, நான் வாசல்லயே நின்னு திருப்பி அனுப்புவேன். ஞாபகம் இருக்கா?"

"ம்."

"அந்தப் பாலைத்தான் இது ராத்திரி பூரா உன்கிட்ட கேட்டுச்சு. பகல் பூரா நான் தூங்க வெச்சேன். எனக்கு நல்ல பேரு. உனக்குத் தூக்கம் போச்சு. தப்பு எம்மேல. இப்ப அங்க எல்லாரையும் பகல்ல எழுப்பி விடுறேன். ராத்திரி தூங்குதுங்க."

கத்தரிக்கோல் நின்றது. காலர்காரி கையிலிருந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பால் கட்டிக்கிட்டு வலிக்கும். பாத்ரூம்ல போய்ப் பீய்ச்சி விட்டுட்டு வருவேன்" என்றாள். "தினமும்."

உஷ்ஷக்கா குழந்தையின் முதுகிலிருந்து கையை எடுத்தாள்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"நீ நின்ன பதினோராம் நாள்."

"பத்து மாசமாச்சு."

"ஆமா."

காலர்காரி எழுந்து வந்தாள். உஷ்ஷக்காவின் மடியிலிருந்து குழந்தையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அவர் ஒரு மணிக்குச் சாப்பிட வருவார். இப்பச் சொன்னதை ஒரு வார்த்தை விடாம அவர்கிட்டயும் சொல்லுங்க."

"சொல்றேன்."

குடிக்கத் தண்ணீர் வரவில்லை. உஷ்ஷக்கா கேட்கவும் இல்லை. காலர்காரி குழந்தையைக் கீழே விடாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் வாசலில் வேன் வந்து நின்றது. உள்ளே வந்தவன் உஷ்ஷக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தான். "அட, யாரு! எங்க பாப்பாவைத் தூங்க வெச்ச மகராசியா? உக்காருங்கக்கா. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இவளுக்கு இப்பவாவது கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

உஷ்ஷக்கா எழுந்தாள். சட்டைக் குவியலைச் சுற்றிப் போய்க் காலர்காரிக்குப் பக்கத்தில், தோளோடு தோள் படும்படி, அவனைப் பார்த்து நின்றுகொண்டாள்.