பேராச்சி எர்த் பார்க்காத வண்டி

கழற்றிய ஸ்பார்க் பிளக்கைப் பேராச்சி முதலில் மூக்கருகே கொண்டுபோவாள். கண்ணாடி மாட்டிக்கொள்வது அதற்குப் பிறகுதான். பொறி பறக்கும் முனையை ஒரு தடவை முகர்ந்தால் போதும், பெட்ரோல் அதிகம் போகிறதா, ஆயில் எரிகிறதா என்று சொல்லிவிடுவாள். "இதுல குத்தமில்ல, நல்லா பக்குவமா வெந்திருக்கு" என்று நற்சான்று கொடுத்த பிறகே துணியால் துடைப்பாள்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அவளுடைய ஆட்டோ எலக்ட்ரிக் கடை. வயது ஐம்பத்திரண்டு. புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, சட்டைப் பையில் டெஸ்டர், காதோரம் செருகிய இன்சுலேஷன் டேப் துண்டு. ரிக்‌ஷா, ஸ்கூட்டர், டெம்போ என்று எது வந்தாலும் முதலில் எர்த் வயரைத்தான் பார்ப்பாள். "கரண்டு போறதுக்கு வழி இருந்தா மட்டும் போதுமா? திரும்பி வாறதுக்கும் வழி வேணும்லா?" வேறு மெக்கானிக் சரியாக முடுக்காத எர்த் கையில் சிக்கிவிட்டால் அன்று முழுவதும் அவன் பெயர் சந்தில் நாறும். "நான் முடுக்குன போல்ட்டால ஒரு வண்டி திரும்பி வந்ததில்ல" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, இருபது வருஷத்தில் அப்படி ஒன்றும் வந்ததில்லைதான்.

சென்ற வாரம் ஒரு மத்தியானம் அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது பரீஹாவின் குவாட் பைக். தடித்த டயர் நாலு, நடுவில் சீட்டு, மண்தடத்தில் பாய்வதற்கென்றே செய்த வண்டி. செகண்ட்ஹாண்டில் வாங்கி சைலன்சரை மட்டும் மாற்றியிருந்தாள். மற்றதெல்லாம் கம்பெனி கொடுத்தபடியே. பரீஹா செம்பூரில் பிசியோதெரபிஸ்ட். வாரம் முழுக்க ஊரார் முதுகை நிமிர்த்துகிறவள், ஞாயிற்றுக்கிழமையானால் தன் முதுகைக் கெடுத்துக்கொள்ளப் பன்வேல் பக்கம் போய்விடுவாள். அந்த வார ஞாயிறு பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் ரேஸ் கிளப் அவளை நாசிக் போட்டிக்கு அனுப்பும். வண்டியோ முழு வேகத்தில் முறுக்கினால் இருமியது.

"மேல போனா கட் கட்னு விட்டுப் போவுதுக்கா. ஏக்தம் பேஜார். நயினார் அண்ணே சொல்றாப்ல சிடிஐ, காயில், இரிடியம் பிளக் மூணையும் ஒரேடியா மாத்திரலாமா?"

நயினார் எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். எந்த வண்டிக்கும் எந்த நோய்க்கும் அவனிடம் பளபளவென்று ஒரு புதுச் சாமான் இருக்கும்.

பேராச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சிடிஐங்கது பொறி எப்ப அடிக்கணும்னு சொல்லுத பெட்டி. புதுசு போட்டா இஞ்சின் இன்னும் ரெண்டாயிரம் சுத்து ஏறும்பான். ஏறும். உள்ள இருக்க வால்வு ஸ்பிரிங்கு பழசுதானட்டி, அது தாங்காண்டாமா? இரிடியம் பிளக்கா, போட்டுக்கோ. காலைல சட்டுனு ஸ்டார்ட் ஆகும். அதுக்காவ பறந்துராது. பிளக்குக்கு கரண்ட ஏத்திக் குடுக்க கம்பெனி காயிலே எதேஷ்டம்."

ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் மாற்றுவாள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாதாம். புது பிளக்கைப் போட்டாள், வண்டி இருமியது. பிளக் மூடியை மாற்றினாள், இருமியது. வேறொரு வண்டியின் காயிலை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தாள். அப்போதும் அதே இருமல். மூன்று மணி நேரம் போனதும் பேராச்சி டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினாள்.

"சரிட்டி. பெட்டியையே மாத்திப் பாப்பம். நயினார்ட்ட போயி வாங்கிட்டு வா."

பரீஹா எழுந்தாள். அதற்குள் யாரோ நோயாளியிடமிருந்து போன் வர, சந்து முனையில் நின்று பேசத் தொடங்கினாள். பழைய பெட்டியைக் கழற்றுவதற்காகப் பேராச்சி சீட்டுக்கு அடியில் குனிந்தாள். கை எர்த் வயரில் பட்டது. எல்லா வண்டியிலும் முதலில் பார்ப்பதை இந்த வண்டியில் மட்டும் அவள் பார்க்கவில்லை. தான் முடுக்கியதுதானே என்ற எண்ணம்.

போல்ட்டைத் தளர்த்தினாள். வயர் முனைக்கும் வண்டியின் சேசிஸ் இரும்புக்கும் நடுவே மஞ்சளாக ஒரு பொருக்கு, காய்ந்து கெட்டியாகி இருந்தது. சந்தனம்.

மூன்று வாரத்துக்கு முன் ஆயுத பூஜையன்று இந்தக் குவாட் சர்வீஸுக்காக அவள் கடையில்தான் பிரிந்து கிடந்தது. சாமான்களையெல்லாம் வாழையிலையில் பரப்பி, ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் அவள்தான். சாயங்காலம் சுண்டல் கொடுக்கிற அவசரத்தில் துடைக்காமல் மாட்டியவளும் அவள்தான். ஈரம் இருந்தவரை வண்டி ஓடியிருக்கிறது. காய்ந்ததும் கரண்டுக்குத் திரும்பிவர வழி போதவில்லை.

பேராச்சி சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. எமரித் தாளால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் விஷயம் அத்தோடு முடிந்தது. பெட்டிக்குப் போகும் வேறு ஏதோ வயர் லூஸ் என்று சொன்னால் பரீஹா நம்பிவிடுவாள். இருபது வருஷமாகப் பேசிய பேச்சும் பிழைத்துப்போகும். எமரித் தாளைக் கையில் எடுத்தவள், தேய்க்காமல் கீழே வைத்தாள்.

"ஏட்டி பரீஹா! பெட்டி வாங்காண்டாம். இங்க வா."

"என்னாச்சுக்கா?"

"இந்த மஞ்சளப் பாரு. நான் வச்ச சந்தனம். வச்சதும் நான், அது மேலயே போல்ட்ட முடுக்குனதும் நான்."

பரீஹா டயர் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். "பூஜை போட்டதுலதான் என் வண்டி படுத்துச்சா?"

"பூஜைய ஒண்ணும் சொல்லாத. தொடைக்காம மாட்டுன கழுதையச் சொல்லு."

எமரித் தாளால் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து, வயரை முடுக்கிவிட்டு, "முறுக்கு" என்றாள். இருமுகிற இடத்தைத் தாண்டி இஞ்சின் ஒரே மூச்சில் மேலே ஏறியது. மாடியில் காயப்போட்டிருந்த துணியை எடுக்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பரீஹா பேராச்சியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பேராச்சிக்கும் சந்தோஷந்தான், ஆனால் சத்தமாகச் சிரிக்க வரவில்லை.

சத்தம் கேட்டு நயினார் எதிர்க்கடையிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன பேராச்சி, கடைசில பெட்டிய மாத்திட்டியாக்கும்? எங்கிட்ட வாங்காம எங்க வாங்குன?"

பரீஹா பேராச்சியின் முகத்தைப் பார்த்தாள். "ஆமாண்ணே, ஒரு சின்ன அப்கிரேடு" என்று கண் இமைக்காமல் சொன்னாள்.

பேராச்சி கீழே கிடந்த எமரித் தாளை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். அதை விரித்து, மஞ்சள் படிந்த பக்கம் மேலே தெரியும்படி, நயினாரின் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். "பெட்டிய மாத்தல. எர்த்துல நான் தொடைக்காம முடுக்குன சந்தனம் இது."