சகாயமேரிக்கு நான் சொன்ன அட்வைஸ்

தொண்ணூறுகளில் மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு சின்ன நர்சரியில் எல்.கே.ஜி. மிஸ்ஸாகச் சேர்ந்தேன். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ஆனால் பிள்ளை வளர்ப்பு பற்றிப் பெற்றோருக்கு வண்டி வண்டியாக அட்வைஸ் சொல்வேன்.

அப்படி மாட்டியவர் என் வகுப்பு ஸ்டெல்லாவின் அம்மா சகாயமேரி. மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்திலிருந்து வந்து மார்க்கெட்டில் பூ விற்றவர். ஸ்டெல்லா தமிழில் பொரிந்து தள்ளுவாள். கன்னடத்தில் கேட்டால் முழிப்பாள்.

"வீட்ல இனிமே தமிழே கூடாதும்மா. கன்னடம் மட்டும் பேசுங்க," என்றேன்.

"சரிங்க மிஸ்." டீச்சர் சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

இரண்டே மாதத்தில் ஸ்டெல்லாவின் வாய் அடங்கிவிட்டது. படக்கார்டைக் காட்டி இரண்டு மொழியிலும் கேட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. பொம்மையிடம் மட்டும், "தகொள்ளி அக்கா, சென்னாகிதே" என்பாள். வாங்கிக்கோங்க அக்கா, நல்லா இருக்கு என்ற பூக்கடைக் கன்னடம் அது. "இப்படியே இருந்தா யு.கே.ஜி.க்கு அனுப்ப முடியாது," என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா பூக் கட்ட, மகள் வாழைநாரை நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தை சொம்பைக் காட்டியது. அம்மா தண்ணீர் கொடுத்தார்.

"ஏம்மா, புள்ளைகிட்ட பேசவே மாட்டீங்களா?"

"எனக்குத் தெரிஞ்ச கன்னடம் யாவாரத்துக்குத்தானுங்க மிஸ். கொஞ்சறதுக்கும் கத சொல்றதுக்கும் வரலீங்க. தமிழ்ல பேசிப் புள்ள படிப்பக் கெடுத்துடக் கூடாதுன்னு சும்மா இருந்துட்டேனுங்க."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"தப்பு என்னோடதும்மா. தமிழ்லயே பேசுங்க. பூ பேரு, ஊர்க் கத எல்லாம் சொல்லுங்க. கன்னடத்த ஸ்கூல்ல நான் பாத்துக்கறேன்."

கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நான் பேசலாமுங்களா?"

தலையாட்டினேன். சட்டென்று மகளை மடிக்கு இழுத்து, "வாடி என்ற கண்ணு!" என்றார். ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அம்மா காதோடு கேட்டாள்:

"மிஸ்ஸு வைய மாட்டாங்களாம்மா?"

ஜூனில் ஸ்டெல்லா யு.கே.ஜி. போனாள். அம்மாவிடம் கேட்ட கதைகளைக் கன்னடத்தில் அளந்து அந்த மிஸ்ஸின் உயிரை வாங்கினாள். பிறகு வேலையை விடும்வரை நான் எந்த அம்மாவிடமும் முதலில் ஒன்றைத்தான் கேட்டேன்: "பிள்ளையை எந்த பாஷையில் கொஞ்சுவீங்க?" என்ன பதில் வந்தாலும், அதிலேயே பேசச் சொல்லி அனுப்பினேன்.