பழவேற்காடு ஸ்டேஷன், மாலை 6.12

பேய், பிசாசு என்றாலே சிரிக்கிறவன் நான். இன்றைக்கும் யாராவது அப்படி ஏதாவது சொன்னால் முதலில் சிரிப்புதான் வருகிறது. பிறகு என் உள்ளங்கால்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். 2009 நவம்பர் 18, புதன்கிழமை. மாலை 5.50க்கு ஆரம்பித்து 7.05க்கு முடிந்தது. நடுராத்திரி இல்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. கீழே என் மனைவி பச்சையம்மா மீன் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். குடித்திருந்தாயா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை... எனக்கு இரண்டாவது டீயே ஒத்துக்கொள்ளாது.

என் பெயர் மூர்த்தி. பழவேற்காடு பஜாரில் செல்போன், டார்ச், மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வீடு கோட்டைக்குப்பத்தில். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். எனக்குப் படகில் ஏறினாலே குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தேன்.

எனக்கு ஒரே ஒரு பைத்தியம். ரயில். நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு இருக்குமே, அந்தச் சின்ன ரயில். பொம்மை என்று யாராவது சொன்னால் கோபம் வரும். சென்னையில் பழைய சாமான் கடைகளாக ஏறி இறங்கி நான்கு இன்ஜினும் பதினொரு பெட்டியும் சேர்த்திருந்தேன். "நாப்பத்தொரு வயசுல ரயிலு வுட்டு வெளாட்றான் எங்க வூட்டு ஆம்பள" என்று பச்சையம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. பொன்னேரிக்குப் பஸ் பிடித்தால்தான் தண்டவாளத்தைப் பார்க்கலாம். அந்தக் குறையை மாடி அறையில் தீர்த்துக்கொண்டேன். எட்டடிக்கு நாலடிப் பலகை. அதன்மேல் டச்சுக்காரன் காலத்துப் பழவேற்காடு. கோட்டை இடியாமல் முழுசாக நிற்கும். ஏரி முகத்துவாரத்தில் பாய்மரக் கப்பல். டச்சுக் கல்லறை வாசல் தூணில் இருக்கும் எலும்புக்கூடுகளைக்கூட சாக்பீஸில் செதுக்கி வைத்திருந்தேன். ஓரத்தில் எங்கள் குப்பத்துக் குடிசைகள். நடுவில் ஸ்டேஷன். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'பழவேற்காடு'. டச்சுக்காரன் காலத்தில் ரயில் ஏது என்று கேட்காதீர்கள். இப்போது மட்டும் இருக்கிறதா என்ன?

பதினொரு மாத உழைப்பு. சென்னையில் என்னைப் போலவே ரயில் பைத்தியம் பிடித்த கேசவன் என்பவர், வியாழக்கிழமை 19ஆம் தேதி காலை கேமராவோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர்கள் சங்கத்துப் பத்திரிகையில் படம் வரும். அட்டைப்படமாகவே வரலாம் என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ஜல்லி.

தண்டவாளத்தின் இடையே கொட்டிக் கிடக்குமே, அந்தக் கருங்கல் ஜல்லி. சின்ன ரயிலுக்கு அதை மணலில்தான் செய்ய வேண்டும். மணலைப் பரப்பி, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் காய்ந்து கல்லாகிவிடும். ஆனால் மணல் ஒரே பருமனில் இருக்க வேண்டும். ஒரு பெரிய குருணை கிடந்தாலும் படத்தில் பாறாங்கல்லாகத் தெரியும். ஏரி மணலில் சேறு. கடல் மணலில் கிளிஞ்சல். பச்சையம்மாவின் ரவை சல்லடை பாழானதுதான் மிச்சம்.

அப்போதுதான் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் அந்தக் குவியலைப் பார்த்தேன். நவம்பர் 8, ஞாயிறு. முழங்கால் உயரம், ஓர் ஆள் நீளம். கையில் அள்ளினால் ஒவ்வொரு மணியும் ஒரே அளவு. எனக்காகவே யாரோ சலித்து வைத்தது போல இருந்தது. மேலே உடைந்த அகல் ஒன்றும் காய்ந்த பூவும் கிடந்தன. காற்றில் அடித்து வந்த குப்பை என்று ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு பக்கெட் அள்ளிக்கொண்டு வந்தேன். குவியல் சரிந்து கலைந்து போனது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

வியாழக்கிழமை 12ஆம் தேதி முதல் கோளாறு. ஏரி முகத்துவாரம் பக்கம் வந்ததும் ரயில் மெதுவாகிறது. பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல. மணி பார்த்தேன். 6.12. அந்த இடத்தில் ஜல்லி ஈரமாக இருந்தது. முந்தின நாளே காய்ந்துவிட்ட ஜல்லி அது. கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தேன். ஒழுகவில்லை.

சனிக்கிழமை அதே 6.12. ரயில் ஸ்டேஷனில் தானாக நின்றது. பிளாட்பாரத்தில் புள்ளி புள்ளியாக ஈரம். பல்லியாக இருக்கும் என்று நினைத்தேன். செல்போன் ரிப்பேருக்குக் கண்ணில் மாட்டும் லென்ஸை எடுத்து மாட்டிக் குனிந்தேன்.

பல்லி இல்லை.

பாதம். மனிதப் பாதம். அரை அரிசி நீளம். ஐந்து விரலும் தெரிந்தது. வலது பாதம் ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு கோடு. மறுபடி வலது பாதம். மறுபடி கோடு. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது போல... விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

திங்கட்கிழமை அமாவாசை. அன்று தடம் குப்பத்துக் குடிசைகள் வரை போயிருந்தது. ஒவ்வொரு குடிசையையும் சுற்றியிருந்தது. எதற்குள்ளும் போகவில்லை. வீடு தேடுகிறவன் சுற்றுவது போல. பச்சையம்மாவிடம் நான் வாயே திறக்கவில்லை. அவள் சிரித்தால் தாங்க முடியாது என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை சோறு போடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"இருசம்மா அத்த படுத்த படுக்கையா கெடக்குது. சோறு, தண்ணி எதுவும் எறங்கல."

இருசம்மாள் எங்களுக்கு மூன்றாவது வீடு. தனிக்கட்டை. அவளுடைய புருஷன் துளசிங்கம் மாமா பதிமூன்று வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. உடம்பும் கரை ஒதுங்கவில்லை.

"இன்னா ஆச்சாம்?"

"சவுக்குத் தோப்பாண்ட மாமாவுக்குனு மண்ணு குமிச்சி வச்சிருந்துச்சி. ஆம்பளைங்களுக்குத் தெரியாது. அமாவாசைக்கு அமாவாசை போயி வெளக்கு வச்சிட்டு வரும். நேத்து போயி பாத்தா எவனோ கலச்சிட்டு அள்ளிக்கினு பூட்டான்."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"ஒடம்புதான் கெடைக்கல, மண்ணாவது அவர உறுத்தக் கூடாதுனு சலிச்சிச் சலிச்சிக் கொட்டுனதுயா அது. பதிமூணு வருசமா. ஒரு கல்லு, ஒரு கிளிஞ்சல் இருக்காது. இப்போ அவரு எங்க போவாருனு கேட்டுக் கேட்டு அழுவுது. இப்டியே கெடந்தா ரெண்டு நாள் தாங்காது."

துளசிங்கம் மாமாவை எனக்கு நன்றாகத் தெரியும். நங்கூரம் விழுந்து இடது கால் நசுங்கியவர். அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். மண்ணைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, அத்தை காலில் விழுந்திருக்க வேண்டும். செய்யவில்லை. வியாழக்கிழமை காலை கேசவன் வருகிறார். படம் எடுத்ததும் கொட்டிவிடலாம். நடுவில் ஒரே ஒரு நாள்தானே... இப்படித்தான் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை கடையைச் சீக்கிரம் அடைத்தேன். மாலை 5.50. பிளாட்பாரத்தை ஒட்டி ஒரு அடி நீளம்தான் மிச்சம். கடைசிப் பிடி மணலைப் பரப்பினேன். பசையை விட்டேன். வெளியே தூறல்.

6.12.

ரயில் நகர்ந்தது.

நான் கன்ட்ரோலரைத் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தேன். கையிலேயே இருந்தது பிளக்.

கிர்ர்ர்... கிர்ர்ர்... மெதுவாக ஊர்ந்து வந்து ஸ்டேஷனில் நின்றது.

பிளாட்பாரத்தில் ஒரு ஈரப் புள்ளி. அடுத்து ஒரு கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த புள்ளி. லென்ஸ் தேவைப்படவில்லை. தடம் பலகையின் விளிம்புவரை வந்தது. அங்கே நின்றது.

சொத்...

சத்தம் தரையில் கேட்டது.

குனிந்து பார்த்தேன். சிமென்ட் தரையில் ஈரம். பாதம். இப்போது அது சின்னப் பாதம் இல்லை. என் பாதத்தைவிடப் பெரியது.

சொத்... சர்ர்ர்... சொத்... சர்ர்ர்...

என்னைத் தாண்டிப் போனது. கடல் வாடை மூக்கில் அடித்தது. படியில் இறங்கும் சத்தம்.

கீழே இருந்து பச்சையம்மா கத்தினாள். "யோவ்! கால கழுவினா தொடச்சிட்டு நடக்க மாட்டியா? வூடெல்லாம் ஈரம்!"

"நான்... நான் இன்னும் எறங்கல பச்ச."

கீழே கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

விழுந்தடித்து இறங்கினேன். அவள் கரண்டியோடு அடுப்படி மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தடம் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியிருந்தது. தூறலில் கலைவதற்குள் பின்னாலேயே போனேன். முதல் வீடு. இரண்டாவது வீடு.

மூன்றாவது வீட்டு வாசலில் முடிந்தது.

இருசம்மாள் அத்தையின் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை. இருட்டில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது.

"அத்த..."

"யாரு, மூர்த்தியா?"

குரல் தெளிவாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. எழுந்துவிட்டாள், பேசுகிறாள், பிழைத்துக்கொள்வாள்.

"ஒடம்பு இன்னா பண்ணுது அத்த?"

"ஒண்ணும் இல்லடா. அவரு வந்துட்டாரு. நான் கெளம்பணும். ரயிலுக்கு நேரமாச்சாம்."

"ரயிலா?"

"ஆமா. ரயில்லதான் வந்தாரு. அந்தக் கால வச்சிக்கினு அம்மாந் தூரம் நடந்தா வருவாரு?"

மண் என்னிடம் இருப்பது யாருக்கும் தெரியாது. பச்சையம்மாவுக்கே தெரியாது.

"அத்த... ஒண்ணு சொல்லணும். அந்த மண்ணு..." தலையைக் குனிந்துகொண்டேன். "நாளைக்கி சொல்றேன்."

"நாளைக்கா? சரிடா."

சிரித்தது போல இருந்தது. முகம் தெரியவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். கேசவனாவது, அட்டைப்படமாவது. இப்போதே மண்ணைச் சுரண்டிவிட வேண்டும். உளியும் பக்கெட்டும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மணி 6.58.

ரயில் அதே இடத்தில் நின்றது. உளியை வைத்தேன்.

சரியாக 7.05.

கிர்ர்ர்...

நகர்ந்தது. முகத்துவாரம் பக்கம் திரும்பியது. பலகையின் விளிம்பில் நின்றது. அதன் பிறகு அது நகரவே இல்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே நகரவில்லை.

லென்ஸை மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தையும் அதை ஒட்டிய ஜல்லியையும் பார்த்தேன். ஈரப் பசையில் தடம் பதிந்திருந்தது. வலது பாதம், கோடு. வலது பாதம், கோடு.

பக்கத்திலேயே இன்னொரு ஜோடி.

அதைவிடச் சின்னப் பாதங்கள். இரண்டு காலும் ஒழுங்காக. இரண்டு தடமும் பெட்டி நின்ற இடம்வரை போயிருந்தன. திரும்பி வரவில்லை.

தெருவில் ஒப்பாரிச் சத்தம் எழுந்தது.

இருசம்மாள் அத்தை போய்விட்டாள். கஞ்சி எடுத்துக்கொண்டு போன பக்கத்து வீட்டுக் குப்பம்மாள்தான் பார்த்தாளாம். பாயில் மல்லாந்து கிடந்தாளாம். "இப்பதான் எங்கூட பேசுச்சி" என்றேன். குப்பம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னா மூர்த்தி சொல்ற? ஒடம்பு கட்டையா வெறச்சிப் போயிக் கெடக்குது. உச்சிப் பொழுதுக்கு முன்னாடியே போயிருக்கும்."

அன்றிரவே மண்ணைக் கடைசி மணிவரை சுரண்டி எடுத்தேன். விடிந்ததும் சவுக்குத் தோப்பில் கொட்டி, அகல் வைத்தேன். கேசவனை வர வேண்டாம் என்றேன். ஒரு நாள் முன்னால் இதைச் செய்திருந்தால் அவள் எழுந்து கஞ்சி குடித்திருப்பாள். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் பச்சையம்மா சொன்னாள். அத்தையைக் குளிப்பாட்டிய பெண்களில் அவளும் ஒருத்தி.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலயா. அத்த ரெண்டு நாளா பாய வுட்டு எழுந்திருக்கல. ஆனா ரெண்டு உள்ளங்கால்லயும் மண்ணு அப்பிக் கெடந்துச்சி. ரவ மாதிரி, ஒரே அளவு. தேச்சித் தேச்சிக் கழுவினோம், போகவே இல்ல."

"ஏன்?"

"வெள்ளையா ஏதோ பசை போட்டு ஒட்டியிருந்துச்சி. இன்னும் சரியா காயக்கூட இல்ல."