அம்மா நேர்ந்துகொண்டது நுரையீரலுக்கு

நைனாவின் நுரையீரலில் இருந்த புற்றுநோய்க் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே அம்மா நேர்ந்துகொண்டதைச் செலுத்த மாதா கோயிலுக்கு ஓடினாள். நோய்ப்பட்ட உறுப்பின் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கிக் காணிக்கை போடுவது எங்கள் ராயபுரத்து வழக்கம். கண், கை, கால் எல்லாம் கடையில் இருந்தன, நுரையீரல் இல்லை. "ஏன், மனுசன் மூச்சு வுட வாணாமா?" என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றுவிட்டு, கடைசியில் நெஞ்சு உருவம் வாங்கிப் போட்டாள்.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பீடியைத் தொட்டதே இல்லை. கட்டியில் ஒரு மரபணு மாறியிருக்கிறது, அதைக் குறிவைக்கும் மாத்திரை இருக்கிறது என்றார்கள். தினமும் விழுங்கினார். இருமல் நின்றது, வாய்திறந்து மீன் குழம்பு கேட்டார். பிழைத்துவிட்டார் என்றே நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

அடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கட்டிகள்.

"நுரையீரல்ல இருக்கிறது இன்னும் மாத்திரைக்கு அடங்கித்தான் இருக்கு," என்றார் டாக்டர். "அதுலேருந்து பிரிஞ்சு போனதுதான் இது. ஆனா போன இடத்துல மரபணு வேற மாதிரி மாறியிருக்கலாம். ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

அம்மா வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எம்மேலதான் தப்பு. நுரையீரலுக்குன்னு மட்டும் நேந்துக்கினேன். கல்லீரலையும் சேத்து சொல்லிருந்தா இது வந்திருக்குமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாதா இன்னா, பார்ட் பார்ட்டா பாக்குற மெக்கானிக்கா?" என்று கத்தினேன்.

"வுடு கண்ணு, உங்கம்மா பயந்துகினு பேசுறா," என்றார் நைனா.

கத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். அந்த மாத்திரையும் நுரையீரலில் இருந்த மாற்றத்தை மட்டுந்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பாவம், அவளிடம் அதை எப்படிச் சொல்வது?

பரிசோதனை முடிவு வருவதற்குள் நைனாவால் எழுந்து உட்காரவே முடியாமல் போனது. கல்லீரல் கட்டியில் இருந்த மாற்றத்துக்கு மாத்திரை கிடையாது, கீமோவை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் எங்கள் இருவரையும் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

அம்மா அழவில்லை. வராந்தாவில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ படிச்ச பொண்ணு. இந்தத் தபாவாவது கரீட்டா சொல்லு. நா இன்னான்னு நேந்துக்கணும்?"



"நைனா வலியில்லாம போவணும்னு நேந்துக்கோம்மா," என்றேன்.