பொன்ராஜின் வரி பாலிசி

சமையலறையில் பிளாஸ்டிக் நாற்காலி தரையை உரசியது. சர்ரென்று ஓர் இழுப்பு, மூச்சு வாங்கும் இடைவெளி, மறுபடியும் ஓர் இழுப்பு. ராமசெல்வி நடக்கிறாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனால்தான் அவளுடைய முழங்கால்கள் அவளைத் தாங்கும்.

முன்னறையில் அவள் புருஷன் பொன்ராஜ் குரலைத் தாழ்த்தினான்.

"யக்கா, மெதுவா பேசு. அவளுக்கு இன்னும் தெரியாது."

எதிரே உட்கார்ந்திருந்த ஜெயக்கொடி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். திருவொற்றியூரில் அந்த நாலைந்து தெருவுக்கும் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அவள்தான்.

"மெதுவா பேசினா செத்த பாலிசி எழுந்து உக்காந்துக்குமா? மார்ச்ல கட்டல. அப்பால குடுத்த ஒரு மாசத்துலயும் கட்டல. ஆபீஸ்ல கெஞ்சிப் பாத்துட்டேன் பொன்ராஜு. புதுசா போட்டுக்கலாம். ஆனா, முட்டி ஆபரேஷனுக்கு மறுபடியும் மூணு வருஷம் காத்துக் கெடக்கணும்."

பொன்ராஜ் கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுப்பவன். கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். அங்கே அவனுக்கு 'வரி மந்திரி' என்றே பெயர். ஜனவரி பிறந்தால் போதும், எந்த ரசீதைக் காட்டினால் எவ்வளவு வரி மிச்சமாகும் என்று கேட்டு யார்டே அவனைச் சுற்றி நிற்கும். அந்தப் பெருமைக்காகத்தான் அவன் மருத்துவ பாலிசியே எடுத்தான். வீட்டில் அதற்கு 'வரி பாலிசி' என்றுதான் பேச்சு. அதில் யாருக்கு என்ன வைத்தியம் கிடைக்கும் என்று ஒரு நாளாவது படித்துப் பார்த்தானா? இல்லை. ரசீது வந்ததும் வேலை முடிந்தது.

பாலிசி எடுத்த புதிதில் ஜெயக்கொடி தெருமுனையில் ராமசெல்வியிடம் சொல்லியிருந்தாள், மூன்று வருடம் விடாமல் கட்டினால் மூட்டு மாற்றும் செலவையும் கம்பெனியே ஏற்கும் என்று. அன்று சாயங்காலம் ராமசெல்வி ஆசையாக அதைப் புருஷனிடம் சொன்னாள். அவன் ரசீதுகளை அடுக்கிக்கொண்டே "ம்" என்றான். அந்த ஒரு 'ம்'மை நம்பித்தான் அந்தப் பேதை வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தாள்.

சென்ற ஆண்டு பொன்ராஜ் புதிய வரி முறைக்கு மாறினான். அதில் வரியே வரவில்லை, ரசீதும் தேவையில்லை. யார்டில் பிரியாணி வாங்கிக் கொண்டாடினார்கள். மார்ச்சில் ஜெயக்கொடி போன் செய்தபோது, "புது முறைல இதுக்கு வரிக் கழிவு கெடையாதுக்கா. இனிமே அது வேஸ்ட்டு" என்று சிரித்தான். மிச்சமான பணத்தில் மனைவிக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்தான். கூட வேலை செய்யும் பீம்ராவ் மட்டும், "எனக்கு வரி கிரி ஒண்ணும் புரியல மாமு, நான் பாட்டுக்குக் கட்டிகினே போறேன்" என்றான். அவனைக் கேலி செய்ததை இப்போது நினைத்தால் பொன்ராஜுக்கு நாக்கு கசந்தது.

மகள் கீர்த்தியின் பிரசவத்துக்காக ராமசெல்வி இன்னும் சில மாதங்கள் பொறுத்தாள். போன வாரம் மகளையும் பேரனையும் மாத்தூரில் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "இனிமே என் முட்டியப் பாரு" என்றாள். அப்போதுதான் பொன்ராஜுக்கு அந்த 'ம்' ஞாபகம் வந்தது.

நாற்காலி அறைவாசலுக்கு வந்துவிட்டது. அதன் இருக்கையில் இரண்டு டம்ளர் டீ. ராமசெல்வியின் முகமெல்லாம் சிரிப்பு.

"யக்கா, மூணு வருஷம் முடிஞ்சி போச்சில்ல? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு. கால் சரியானதும் இந்த மனுசன் எடுத்துக் குடுத்த பட்டுச்சேலயக் கட்டிகினு, வடிவுடையம்மன் கோயில என் கால்லயே சுத்தி வரணும். அதுக்கோசரம்தான் மடிப்பு பிரிக்காம வெச்சிகினு கீறேன்."

ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். பொன்ராஜ்தான் சொன்னான்.

"செல்வி... பாலிசி இல்ல. மார்ச்ல நான் கட்டல."

"இன்னாயா சொல்ற?"

"வரி மிச்சம் இல்லன்னு வுட்டுட்டேன்."

அவள் நாற்காலியை இறுகப் பிடித்தாள். டம்ளரில் டீ தளும்பியது.

"அப்ப அந்தச் சேல?"

"அந்தத் துட்டுதான்."

அவள் அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தான். அவளோ ஒரு டம்ளரை எடுத்து ஜெயக்கொடியிடம் நீட்டினாள். "ஆறிடப் போவுது, குடிக்கா."

"அவருக்குப் போன் போட்ட அன்னிக்கே உனக்கும் ஒரு தபா போட்டிருக்கணும் செல்வி" என்றாள் ஜெயக்கொடி.

"எனக்கு எதுக்குப் போடப் போற? வரி கட்டறது அவருதானே. நான் வெறும் முட்டிதானே."

பொன்ராஜ் அவசரமாகச் சொன்னான். "ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போலாம் செல்வி. நான் லீவு போட்டுட்டு க்யூவுல நிக்கிறேன்."

"நீ நிப்ப. உனக்கு இன்னா, காலு சோக்கா கீது."

மூன்று வருடமாகத் தினமும் இதே நாற்காலிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. ஐயோ, கேட்ட காது கேட்காமலே போனதே!

ஜெயக்கொடி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தாள். வழியனுப்பப் பொன்ராஜும் எழுந்தான்.

"நீ உக்காருயா" என்றாள் ராமசெல்வி.

நாற்காலியைத் திருப்பினாள். சர்ரென்று ஓர் இழுப்பு, மூச்சு வாங்கும் இடைவெளி, மறுபடியும் ஓர் இழுப்பு. டிவி அணைந்திருந்தது. ஓர் இழுப்பு விடாமல் அவன் கேட்டான். வாசலில், "பாத்து எறங்குக்கா, படி வழுக்கும்" என்ற அவள் குரல் வந்தது. ஜெயக்கொடியின் செருப்புச் சத்தம் கீழே இறங்கித் தேய்ந்தது.

ராமசெல்வி கதவைச் சாத்தினாள்.