மரை வேட்டைக்குத் தோட்டா அடைத்த காலம்

எங்கள் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் முறைப்பாட்டோடு திரும்பி வந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவேண்டும். திரும்பி வருமளவுக்கு ஆள் முழுசாக இருக்கிறாரே!

கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊரார் அவசரத்தையெல்லாம் தலையில் சுமந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். உடுப்புக் கடையில் அளவு பிழைத்தால் மாற்றிக் கொடுக்கலாம். எழுபதுகளில் மெல்பேர்னின் டண்டினோங் பக்கம் ஒரு துவக்குக் கடையில், அதாவது துப்பாக்கிக் கடையில், நான் பார்த்த வேலையில் அந்த வசதி இல்லை. இலங்கையில் இரசாயன ஆய்வுகூடத்தில் தராசு பிடித்தவன் என்பதால் என்னைத் தோட்டா அடைக்க வைத்தார்கள். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுக்கு அடியில் தட்டினால் தீப்பற்றும் புதுக் கேப்பு, உள்ளே தராசில் நிறுத்த வெடிமருந்து, மேலே பாய்ந்து போகும் ஈயச் சன்னம். ஒவ்வொரு துவக்குக்கும் ஒவ்வொரு குணம். மருந்தைக் குறைவாகத் தொடங்கி, சுட்டுப் பார்த்துச் சுட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். கூடிப் போனால் மரை என்கிற அந்தப் பெரிய மானுக்கு ஒன்றும் ஆகாது. துவக்கு சுடுபவர் முகத்திலேயே வெடிக்கும்.

முதல் நாளே முதலாளி ரெக்ஸ் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வெள்ளைக்காரர் பேச்சையும் எங்கள் யாழ்ப்பாணத் தமிழிலேயே தருகிறேன், கோபிக்கமாட்டார்கள். "ஒருத்தன்ரை கண் போனால் கடையும் போச்சு, நீயும் போனாய்."

கூர் மூக்கு

லீவர் துவக்கு தெரியுமல்லவா? விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு பிடி இருக்கும். கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். தோட்டாக்கள் துவக்குக் குழலின் அடியில் இன்னொரு குழாய்க்குள், ஒன்றின் மூக்கு முன்னதன் பின்புறத்தில் முட்டிக்கொண்டு வரிசையாகக் கிடக்கும். அந்தப் பின்புறத்தில்தான் கேப்பு. அதனால் லீவர் துவக்குக்கு மூக்குத் தட்டையான சன்னம்தான் போடவேண்டும். கூராக இருந்தால் ஒரு குலுக்கல் போதும், குழாய்க்குள்ளேயே வெடிக்கும்.

ஒரு நாள் குழாய் வேலைக்காரர் ஒருவர் துவக்கோடு வந்தார். குறி தப்புகிறது என்று முறைப்பாடு. துவக்கின் அடியைத் தரையில் 'டங்' என்று ஊன்றிவிட்டு, தானே அடைத்த தோட்டா ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். பென்சில் சீவினதுபோல மூக்கு. "துவக்கு வெறும் துவக்குத்தானே?" என்று கேட்டேன். "இல்லை, நிரப்பித்தான் கொண்டு வந்தனான். நீங்கள் பாக்கவேணும் எல்லோ" என்றார் பெருமையாக.

ரெக்ஸ் கடையிலிருந்த மற்றவர்களைத் தெருவுக்கு அனுப்பினார். நான் அந்தத் துவக்கைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்வளவு மணல் குவியலுக்குப் போனேன். லீவரை மெல்ல இழுத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். கண்ணுக்குள் வியர்வை இறங்கியது, துடைக்கக் கை இல்லை. கடைசித் தோட்டாவும் புல்லில் விழுந்த பிறகுதான் அந்த மனிதருக்கு விஷயம் விளங்கியது. "அப்ப நான் இதைக் காருக்குப் பின்னாலை எறிஞ்சுபோட்டு, ரயில் தண்டவாளம் எல்லாம் ஏறி இறங்கி எல்லோ வந்தனான்?"

இறுகின கேற்று

கிரான்பர்ன் பக்கம் பால்பண்ணை வைத்திருந்த டக் என்பவருக்கு எதிலும் பொறுமை கிடையாது. மருந்தைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்க அவருடைய புல்வெளிக்கே போனோம். மூன்றாவது படியில் குறி நன்றாக விழுந்தது. "இது போதும்" என்றேன். அவர் கேட்டால்தானே! தானே வீட்டில் அடைத்து வைத்திருந்த ஒன்றை, நான் மறிக்க முதல், ஏற்றிச் சுட்டுவிட்டார். சத்தமே வேறு மாதிரி இருந்தது. கோது உள்ளே ஊதி இறுகிவிட்டது, லீவர் அசையவில்லை. உள்ளேயிருந்த அமுக்கம் துவக்கைப் பிளக்காமல் விட்டது அவருடைய நல்ல காலம்.

ஆனால் மனிதர் துவக்கை நட்டுக்கு நிமிர்த்தி நிறுத்தி, குழல் வாய் தன் நாடிக்குக் கீழே இருக்க, லீவரைச் சப்பாத்துக் காலால் உதைக்கத் தொடங்கினார். அடிக்குழாயில் இன்னும் தோட்டாக்கள் கிடந்தன. நான் பாய்ந்து அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். இரண்டு பேரும் சாணிக்குள் விழுந்தோம். எழும்பி என்னை முறைத்துப் பார்த்துச் சொன்னார்: "ஏன் காணும் மறிக்கிறீர்? மாட்டுப் பட்டிக் கேற்று இறுகினாலும் நான் இப்பிடித்தான் திறக்கிறனான்!"

ஒரே ஊர்க்காரர்

விக்டோரியா மலைகளில் திரியும் மரைக்கு இலங்கை வழியும் உண்டு. அந்தக் காலத்துத் துரைமார் வேட்டையாட ஆசைப்பட்டுக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டவை. ஒரு நாள் வயதான வேட்டைக்காரர் ஒருவர் கவுண்டரில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நான் அடைத்த பெட்டியைத் தள்ளி வைத்தார், வேறு யாராவது அடைத்தது வேண்டுமாம். எனக்கு முகம் சுட்டது. ரெக்ஸ் சிரித்தபடி, "நீர் சுடப்போற மரையும் இவரும் ஒரே ஊர்க்காரர், தெரியுமோ?" என்றார். கிழவர் அசரவில்லை. "மரை என்ரை தோட்டாவிலை கை வைக்கேல்லையே!"

இரண்டு ரின்

அந்த நாளில் மெல்பேர்னில் எங்கள் ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களில் துவக்கோடு மலைக்குப் போனவர் தர்மலிங்கம் அண்ணை ஒருவர்தான். கார்த் தொழிற்சாலையில் என்ஜினியர். லீவர் துவக்கு ஒன்றும், தாரா என்கிற காட்டு வாத்துச் சுடச் சிறுகுண்டு சிதறும் ஒரு சொட்கண்ணும் வைத்திருந்தார். இரண்டுக்கும் தானே தோட்டா அடைப்பார். எங்கள் வீடுகளில் தகர ரின்னின் மேல் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் என்றைக்குச் சம்பந்தம் இருந்தது? பிஸ்கற் ரின்னில் ஊசி நூல், பால்மா ரின்னில் மல்லி. அதே பழக்கத்தில் அண்ணை இரண்டு மருந்தையும் இரண்டு பால்மா ரின்னில் கொட்டி வைத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது.

ஒரு காலமை, கடை திறந்த கையோடு அவருடைய மனைவி பரமேஸ் அக்கா ரெலிபோன் எடுத்தா.

"தம்பி, ஒண்டு கேக்கவேணும். உவற்ரை கார்க் கறாச்சிலை இரண்டு ரின்னிலை கறுத்தத் தூள் பாதி பாதியாக் கிடந்தது. மிளகாய்த்தூள் போட ரின் இல்லாமல் புதன்கிழமை இரண்டையும் ஒண்டாக் கொட்டிப்போட்டன். அவர் வந்து ஏசுவாரோ?"

"அண்ணை எப்ப அக்கா தோட்டா அடைச்சவர்?"

"நேற்றுப் பின்னேரம். சாமத்திலையே மரைக்கு வெளிக்கிட்டுட்டார்."

லீவர் துவக்கின் மருந்து ஆற அமர எரிவது. சொட்கண் மருந்து ஒரே மூச்சில் எரிவது. இரண்டையும் கலந்து அடைத்தால், கன்னத்தோடு அணைத்துக் குறி பார்க்கும் மனிதரின் கண்ணுக்கு முன்னாலேயே இரும்பு பிளக்கும். "நான் பாத்துக்கொள்ளுறன் அக்கா" என்று வைத்துவிட்டேன். ரெக்ஸ் மலையடிவாரக் கடைக்கு ரெலிபோன் எடுத்துப் பார்த்தார். அண்ணையின் கார் இருட்டோடேயே தாண்டிப் போய்விட்டதாம்.

கடையைப் பூட்டிக்கொண்டு ரெக்ஸின் காரில் ஓடினோம். அண்ணை வழக்கமாகக் கூடாரம் அடிக்கும் ஆற்றுப் பாலம் எனக்குத் தெரியும். பாலத்தடியில் அவருடைய கார் நின்றது. நாங்கள் இறங்கிக் கதவைச் சாத்தவும் மலைக்குள் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ரெக்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அக்காவிடம் என்ன சொல்லப் போகிறேன் என்ற ஒன்றுதான் எனக்கு மனதில் ஓடியது. கால் போன போக்கில் ஆற்றங்கரையால் ஓடினேன்.

கூடாரத்து வாசலில், மடித்துக் கொண்டுபோன கதிரையில் கால் நீட்டி இருந்து அண்ணை பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். வெடி வேறு யாரோ வைத்தது. "என்ன தம்பி, நீரும் வேட்டைக்கு வந்திட்டீரோ?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படவில்லை, அழுதேன். ரெக்ஸ் துவக்கை வாங்கி வெறுமையாக்கினார். ஒரு தோட்டாவின் சன்னத்தைக் குறட்டால் பிடுங்கி, மருந்தை அண்ணையின் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். குச்சி குச்சியாக லீவர் மருந்து, தட்டை தட்டையாகச் சொட்கண் மருந்து. அண்ணை விரலால் கிளறிப் பார்த்தார். "தாரா மருந்து ரின் எனக்குத் தேவைப்படேல்லை, அதாலை அதை நான் தேடவுமில்லை. இடையிலை தட்டையாத்தான் தெரிஞ்சது. பழசு, பொடிஞ்சு போச்சாக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

"ஒண்டும் சுடேல்லையோ அண்ணை? மரையைக் காணேல்லையோ?" என்று கேட்டேன்.

"காணாமல் என்ன! விடியக்காலமை நல்ல கொம்பன் ஒண்டு, அந்தா அந்த மரத்தடியிலை என்னைப் பாத்தபடி நிண்டது. துவக்கைத் தூக்கிக் கன்னத்திலையும் வைச்சிட்டன். பிறகுதான் ஐயோ இண்டைக்கு வெள்ளிக்கிழமை எண்டு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை இறைச்சியோடை போனால் பரமேஸ் என்னைக் குசினிப் பக்கமே விடாள்."

தராசு, அளவுக் கரண்டி, பூதக்கண்ணாடி எல்லாம் வைத்துக்கொண்டு மனிதரின் கண்ணை நான்தான் காக்கிறேன் என்று நினைத்திருந்தேன். தர்மலிங்கம் அண்ணையின் கண்ணுக்கு உலை வைத்ததும் ஒரு மிளகாய்த்தூள் ரின், அதைக் காத்ததும் ஒரு வெள்ளிக்கிழமை மரக்கறிச் சட்டி.